ஜிம் – புதுசு 7

அப்பாவின் கேசட்டுகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. போட்டுக் கேட்க வழியில்லை. பரணில் ஒரு பழைய டேப்ரிக்கார்டர் கிடக்கிறது. அதன் ரப்பர் உருளை இளகிப் பிசுபிசுத்துவிட்டது, கேசட்டைப் போட்டால் நாடாவைத் தின்றுவிடும். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பரில், அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் அடுக்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் சிவப்பு மையில் அப்பாவின் கையெழுத்து. 'ஜிம் – புதுசு 1'. 'ஜிம் – புதுசு 2'. இப்படியே பன்னிரண்டு வரை.

ஜிம் என்றால் ஜிம் ரீவ்ஸ், 'கன்ட்ரி' என்கிற அமெரிக்க கிராமியப் பாட்டு வகையில் பெரிய பாடகர். 'புதுசு 1' எங்கள் வீட்டுக்கு வந்தது 1976-ல். ஜிம் ரீவ்ஸ் இறந்தது 1964-ல்.

இந்தக் கணக்கு அப்பாவுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. நாங்கள் தூத்துக்குடி. அந்த ஊரில் ரேடியோவைத் திருகினால் சென்னையைவிட சிலோன்தான் தெளிவாகக் கேட்கும். சிலோன்காரர்களுக்கு ஆங்கிலப் பாட்டு என்றாலே ஜிம் ரீவ்ஸ்தான். கடலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் விரும்பிக் கேட்டதை இந்தப் பக்கம் நாங்களும் கேட்டோம். பாடகர் இறந்துவிட்டார் என்று எந்த அறிவிப்பாளராவது என்றைக்காவது சொல்லியிருக்கலாம். அப்பா அன்றைக்குத் துறைமுகத்தில் டூட்டியில் இருந்திருப்பார்.

பாட்டு வந்துகொண்டே இருந்ததுதான் விஷயம். அம்மாவின் தம்பி, என் மாமா, சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். பெட்டியில் சோப்பு, சென்ட், சாக்லேட்டோடு ஒரு எல்.பி. ரெக்கார்டும் இருக்கும். அத்தானுக்குப் பிடிக்கும் என்று எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஜிம் ரீவ்ஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிவிடுவார். ரோட்டர்டாமில் இருந்தது, லண்டனில் இருந்தது, டர்பனில் இருந்தது. புது அட்டை, புதுப் படம், புதுப் பெயர். புதுசு என்று நம்பாமல் வேறென்ன செய்வது?

ரெக்கார்ட் பிளேயர் மாமா வீட்டில் மட்டும்தான். எங்களிடம் டேப்ரிக்கார்டர். இரண்டையும் இணைக்க வயர் கிடையாது, அப்படி ஒரு வயர் உண்டு என்பதே தெரியாது. ஸ்பீக்கருக்கு முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்து, ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கி, அப்பா உதட்டில் விரலை வைப்பார். அவ்வளவுதான், வீடே செத்த வீடு மாதிரி ஆகிவிடும். அத்தை அடுப்படியில் கரண்டியைக்கூடத் தொடமாட்டார். அப்படியும் 'புதுசு 3'-ல் இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு மீன்காரம்மா "சாளை... சாளே..." என்று கூவிக்கொண்டு போவது பதிந்துவிட்டது. பல வருடம் கழித்து அதே பாட்டை சி.டி.யில் கேட்டேன். சரியாக அந்த இடத்தில் மீன்காரம்மா வராதது என்னவோ குறையாகத்தான் இருந்தது.

ஒருமுறை மாமா டர்பனிலிருந்து கொண்டுவந்த ரெக்கார்டில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. குரல் ஜிம் குரல்தான், ஆனால் இங்கிலீஷ் இல்லை. ஸ்பீடு தப்பாக வைத்துவிட்டோம் என்று அப்பா பிளேயரில் 45-க்கும் 33-க்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அது ஆப்பிரிக்கான்ஸ் மொழி. ஜிம் ரீவ்ஸுக்குத் தென்னாப்பிரிக்காவில் அவ்வளவு மவுசு. 1962-ல் அங்கே கச்சேரிக்குப் போனார், 'கிம்பர்லி ஜிம்' என்று ஒரு படத்தில் நடித்தார், அந்த மொழியிலேயே பாடியும் கொடுத்தார். அப்பா அதையும் பதிவு செய்து நம்பர் போட்டுக்கொண்டார். விடுவாரா?

1982 கிறிஸ்துமஸுக்கு மாமா வந்தபோது கொண்டுவந்த ரெக்கார்டின் அட்டையில் ஜிம்மோடு ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது. பாட்ஸி கிளைன். இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். 'புதுசு 7'. பதிவெல்லாம் முடிந்து, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா மெதுவாகச் சொன்னார்.

"அத்தான், இந்த ஆளு செத்துப் போயிட்டானாம்."

"ஐயோ, எப்ப?"

"அறுபத்து நாலுல. பிளேன் விழுந்து."

அப்பா சிரித்துவிட்டார். "போ மாப்ள. அப்ப போன வருசம் கொண்டாந்தியே, அது யாரு பாடுனது? அவன் ஆவியா?"

"அதான் எனக்கும் புரியல அத்தான். கப்பல்ல ஒரு இங்கிலீஷ்காரன் சொன்னான். இந்தப் பொம்பளயும் செத்துட்டாளாம். அவளும் பிளேன் விழுந்துதான்."

கிறிஸ்துமஸும் அதுவுமாக இது என்ன பேச்சு என்று அம்மா அதட்ட, பேச்சு நின்றது. அப்பா அதற்குப் பிறகு ஒரு மாதம் டேப்ரிக்கார்டரைத் தொடவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. ராத்திரி டேப்ரிக்கார்டர் இருந்த ஷோகேஸ் பக்கம் போகவே பயம்.

மாமா சொன்னதெல்லாம் உண்மை. பாட்ஸி கிளைன் 1963 மார்ச் 5-ல் டென்னஸியில் விமான விபத்தில் இறந்தார், வயது முப்பது. அடுத்த வருடம் ஜூலை 31-ல் ஜிம் ரீவ்ஸ். ஆர்கன்சாவின் பேட்ஸ்வில்லிலிருந்து நாஷ்வில்லுக்கு ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கூட அவருடைய பியானோக்காரர் டீன் மானுவல். நாஷ்வில்லை நெருங்கும்போது இடிமழையில் சிக்கியது. பிரென்ட்வுட் பக்கம் ஒரு மரக்காட்டுக்குள் விழுந்து கிடந்ததைக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ இரண்டு நாள் ஆனது. செட் அட்கின்ஸ், எடி அர்னால்ட் என்று சக கலைஞர்களே காட்டுக்குள் இறங்கித் தேடினார்கள். நாற்பத்தொன்று முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது அவருக்கு.

உயிரோடிருந்த இரண்டு பேர் ஸ்டுடியோவில் சேர்ந்து பாடாத பாட்டை, இருவரும் செத்து பதினேழு பதினெட்டு வருடம் கழித்து சேர்ந்து பாடியிருக்கிறார்கள். 1981-ல் ஆர்.சி.ஏ. ரெக்கார்ட் கம்பெனி, குரலையும் வாத்தியங்களையும் தனித்தனித் தடங்களில் பதிந்த பழைய மூன்று டிராக் நாடாக்களிலிருந்து இரண்டு குரல்களை மட்டும் தனியே எடுத்து, புது மெஷினில் பொருத்தி, வாத்தியங்களைப் புதிதாகச் சேர்த்து டூயட்டாக்கியது. அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் அது முதல் ஐந்துக்குள் வந்தது. எனக்கு அந்தப் பாட்டு ஆகாது. காரணம் பயம் அல்ல, அது எப்போதோ போய்விட்டது. கேட்டுப் பாருங்கள், இரண்டு பேரும் ஒருவர் பாடுவதை மற்றவர் கேட்கவே இல்லை. டூயட் என்றால் ஒருவர் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் காத்திருப்பார். இங்கே காத்திருப்பது எஞ்சினியர்.

ஆனால் ஜிம் ரீவ்ஸின் குரலை இப்படி உரித்தெடுக்க முடிந்ததே, அதற்கு அவர் பாடிய விதமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் டெக்சாஸில் ஒரு பெரிய ஏழைக் குடும்பத்தில் 1923-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். பேஸ்பால் ஆட்டக்காரராக வர நினைத்து, காலில் அடிபட்டு அது முடிந்துபோக, ரேடியோ அறிவிப்பாளர் ஆனார். ரேடியோக்காரருக்குத் தெரியும், மைக்கில் கத்தத் தேவையில்லை என்று. ஆரம்பத்தில் அவரும் மற்ற கன்ட்ரி பாடகர்கள் மாதிரி உரக்கத்தான் பாடினார். 1957-ல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டுக்கு உதடு மைக்கில் படுகிற அளவுக்கு நெருங்கி நின்று, பேசுகிற குரலில் பாடினார். ஸ்டுடியோக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ், அவர் போக்கிலேயே விடுங்கள் என்றார். ஃபிடிலும் ஸ்டீல் கிதாரும் ஒதுங்கி, மெல்லிய வயலினும் பின்குரல்களும் வந்தன. பிறகு அதற்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயரே வந்துவிட்டது. நம் ஊரில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடும்போது நமக்கு மட்டும் காதோடு சொல்வது மாதிரி இருக்குமே, அந்த ரகம். 1960-ல் உலகமெங்கும் ஓடிய 'ஹீல் ஹேவ் டு கோ' பாட்டே டெலிபோனில் பேசுகிற பாட்டுதான். ஒருவன் காதலியிடம், ரிசீவருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து பேசு என்று கெஞ்சுகிறான்.

அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு அமைதியாகப் பதிந்த குரல். பின்னால் எந்த வயலினை வைத்தாலும் அந்தக் குரல் அசையாது. மீன்காரம்மாவை வைத்தாலும் அசையவில்லையே.

அவர் இறந்தபோது மனைவி மேரியின் கையில் நிறைய நாடா மிஞ்சியது. சில முழுசாக முடிந்தவை. சில, பாடலாசிரியர்களுக்காகச் சும்மா பாடிக்கொடுத்த மாதிரிப் பதிவுகள். அதில் ஒன்று 'டிஸ்டன்ட் டிரம்ஸ்', சிண்டி வாக்கர் என்ற டெக்சாஸ் பெண்மணி எழுதியது. உயிரோடு இருந்தவரை கம்பெனிக்கு இந்தப் பாட்டின் மேல் நம்பிக்கை இல்லை, எடுபடாது என்று விட்டுவிட்டார்கள். இறந்த பிறகு அந்த மாதிரிப் பதிவின் மேல் ஆர்கெஸ்ட்ராவை ஏற்றி 1966-ல் வெளியிட்டார்கள். அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம். இங்கிலாந்தில், பீட்டில்ஸும் ஸ்மால் ஃபேஸஸும் கோலோச்சிய அந்த வருடத்தில், செப்டம்பர் கடைசியிலிருந்து ஐந்து வாரம் முதலிடம். செத்து இரண்டு வருடமான ஒரு ஆள்!

போருக்குப் போகப்போகிறவன் பாடுகிற பாட்டு அது. தூரத்தில் முரசுச் சத்தம் கேட்கிறது, கூப்பிட்டுவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும், அதற்கு முன்னால் என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று காதலியைக் கேட்கிறான். வியட்நாம் போர் சூடுபிடித்த நேரம், அதனால் எடுபட்டது என்பார்கள். இருக்கலாம். எனக்கு அதில் விட்டுப்போகாமல் நிற்பது வேறு: பாட்டில் வரும் காதலியின் பெயர் மேரி. எழுதியவர் அதை நினைத்து எழுதவில்லை, இவர் பதிவு வெளிவரும் முன்பே வேறு பாடகர் பாடி வெளிவந்த பாட்டுதான் அது. ஆனாலும் அந்த நாடாவை ஓடவிட்டு உட்கார்ந்து கேட்ட மேரி ரீவ்ஸை நினைத்துப் பார்க்கிறேன். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வெளியிடலாம் என்று முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

மேரியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். புருஷன் குரலை விற்றுத் தீர்த்தவர் என்று ஒரு பேச்சு. அவர் இல்லையென்றால் பாதிப் பாட்டு நாடாவிலேயே மக்கியிருக்கும் என்று ஒரு பேச்சு. நான் இரண்டாவது கட்சி. அவர் அள்ளி இறைக்கவில்லை. 1964 ஆகஸ்டில், அடக்கம் முடிந்த அதே மாதத்தில், ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த ஒரு பாட்டு முதலிடத்துக்கு வந்தது. அதிலிருந்து 1967 வரை மொத்தம் ஆறு பாட்டுகள் அமெரிக்க கன்ட்ரி பட்டியலின் உச்சியைத் தொட்டன. எல்லாம் ஆள் போன பிறகு. ஆல்பங்களையும் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கில்தான் விட்டார்கள். வீட்டில் ஊறுகாய் ஜாடியை வைத்திருக்கும் பாட்டியின் கை மாதிரி.

அந்த ஆல்பங்களின் பெயர்களைப் பாருங்கள். 1966-ல் ஒன்று 'யுவர்ஸ் சின்சியர்லி, ஜிம் ரீவ்ஸ்'. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள ஜிம். 1971-ல் ஒன்று 'ஜிம் ரீவ்ஸ் ரைட்ஸ் யூ எ ரெக்கார்ட்'. ஜிம் ரீவ்ஸ் உங்களுக்கு ஒரு ரெக்கார்ட் எழுதுகிறார்! நிகழ்காலம். இதைப் பார்த்துவிட்டு எங்கப்பா அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்தது தப்பா?

வாங்கியவர்களும் ஏமாளிகள் இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த ரசிகர்களுக்கு ஆள் இறந்தது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அடுத்தது எப்போது என்று காத்திருந்தார்கள். முழு ஆல்பத்தில் இரண்டே பாட்டு புதுசு, மீதி பழைய பாட்டுக்குப் புது வயலின் என்று தெரிந்தும் வாங்கினார்கள். இந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிய 2003 ஆகவேண்டியிருந்தது.

அந்த வருடம் செப்டம்பர் 12-ல் இன்னொரு அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் இறந்தார். நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். கேஷ் என் ஆள், அப்பாவுக்குப் பிடிக்காது. "இவன் என்னல, திட்டுற மாதிரியே பாடுதான்" என்பார். மனைவி ஜூன் அந்த வருடம் மே 15-ல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தது நான்கு மாதம். கண் பார்வை போய், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, முடிந்த நாட்களிலெல்லாம் பாடிக்கொண்டே இருந்தார். தயாரிப்பாளர் ரிக் ரூபின் பதிவு செய்ய ஆட்களைத் தயாராக வைத்திருந்தார், தெம்பு வந்தால் பாடுவார், இல்லையென்றால் இல்லை. அந்தப் பாட்டுகள் இருக்கின்றன, வரும் என்று ரசிகர்களுக்குத் தெரியும். எப்போது என்று தெரியாது. வருமா வருமா என்று மூன்று வருடம். 2006 ஜூலை 4-ல் ஆல்பமாக வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. 1969-க்குப் பிறகு அவருக்கு அந்த இடம் கிடைத்ததே இல்லை.

அதில் ஒரு பாட்டு, அவர் எழுதியதிலேயே கடைசிப் பாட்டு, ரயிலைப் பற்றியது. தன் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு போகப்போகிற ரயில். மூச்சிரைப்பை மறைக்கவில்லை, அதையே பாட்டில் வைத்திருக்கிறார். ஹெட்போனில் கேட்டபோது வரிகளுக்கு நடுவில் அந்த இழுப்பு கேட்டது. சத்தத்தைக் குறைக்கத் தோன்றியது, ஏதோ ஆஸ்பத்திரி அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்ட மாதிரி. குறைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நான்கு முறை கேட்டேன். அடுத்த ஆல்பத்துக்கு 2010 பிப்ரவரி வரை காத்திருந்தேன், அவர் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. முதல் பாட்டிலேயே சங்கிலி இழுபடும் சத்தத்தையும் காலடிச் சத்தத்தையும் தாளமாக வைத்திருந்தார்கள். கொஞ்சம் சினிமாத்தனம்தான். ஆனால் பாடுகிறவர் தனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்து பாடியவர். அதனால் ஒட்டியது.

ஜிம் ரீவ்ஸுக்கு அது தெரியாது. வித்தியாசம் அங்கேதான். கேஷ் விட்டுப்போனதைக் கேட்கும்போது ஒரு மனிதர் விடைபெறுகிறார். ஜிம் விட்டுப்போனதில் அவர் அடுத்த வாரம் திரும்பி வரப்போகிறவர் மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல் பாடுகிறார்.

கேஷின் மகன் ஜான் கார்ட்டர் கேஷ் 2014-ல் இன்னொன்றை வெளியிட்டார். அது எண்பதுகளில் பாடி, கொலம்பியா கம்பெனி வேண்டாம் என்று பெட்டியில் போட்டது. 1986-ல் ஆளையே வேண்டாம் என்று அனுப்பிய கம்பெனி அது. பாடியவர் செத்த பிறகு அதே பாட்டுகள் பட்டியலில் மூன்றாம் இடம். 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' கதையேதான். பிறகு 2024 ஜூனில் 'சாங்ரைட்டர்'. 1993-ல் நாஷ்வில்லில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாடிவைத்த மாதிரிப் பதிவுகளிலிருந்து குரலையும் கிதாரையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற வாத்தியங்களை உரித்துப் போட்டுவிட்டு, அவரோடு வாசித்துப் பழகிய மார்ட்டி ஸ்டூவர்ட், டேவ் ரோ போன்றவர்களை உட்காரவைத்துப் புதிதாக வாசித்தார்கள். டேவ் ரோ ஆல்பம் வருவதற்கு முன்னால் 2023-லேயே இறந்துவிட்டார். அறிவிப்பு வந்த நாளிலிருந்து நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன், ஐம்பத்து நாலு வயதில். ஆல்பம் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே துடைத்து வைத்த வீடு மாதிரி.

இறந்தவர் குரலை எதுவரை பயன்படுத்தலாம் என்ற கேள்வி நம் ஊரிலும் வந்துவிட்டது. எஸ்.பி.பி. போன பிறகு 2021-ல் 'அண்ணாத்த' பாட்டு வந்தபோது அதை எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டோம். அது அவர் பாடியது. 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவில் கொண்டுவந்தார் ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்து. முறையாகத்தான் செய்தார். ஆனால் அந்த இருவரும் அந்தப் பாட்டைப் பார்த்ததுகூட இல்லை. என் கோடு அங்கேதான் விழுகிறது. அந்த ஆள் ஒருநாள் மைக்குக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து பாடிய பாட்டாக இருக்க வேண்டும். பின்னால் வயலினோ, சங்கிலியோ, சாளை மீனோ எது வந்தாலும் பொறுத்துக்கொள்வேன். (பாட்ஸி கிளைன் டூயட்டும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறதே என்று என் மனைவி மடக்கினாள். வருகிறதுதான். பிடிக்கவில்லை என்றுதான் சொன்னேன், கூடாது என்று சொல்லவில்லை.)

அப்பாவிடம் வருகிறேன். அந்த ஒரு மாத மவுனத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் 'புதுசு 7'-ஐ எடுத்துப் போட்டார். "சரி, பாடிட்டுப் போறான்" என்றார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வரை நம்பர் போனது. மாமா ரிட்டயர் ஆனதும் நின்றது. அதற்குள் ஒரு ரெக்கார்டிங் கடையில் 'புதுசு 5'-ஐக் காப்பி எடுக்கக் கொடுத்து, அவர்கள் அதன் மேலேயே ஏதோ கல்யாண வீட்டு நாதஸ்வரத்தைப் பதிவு செய்து கொடுத்த கதையும் உண்டு. இரண்டாவது பக்கம் முழுக்க நாதஸ்வரம். அப்பா அதன் அட்டையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு டின்னிலேயே வைத்துக்கொண்டார்.

ஜிம் ரீவ்ஸ் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவில் கடைசியாகப் பாடியது 1964 ஜூலை 2-ல். ஆனால் அவர் குரல் கடைசியாகப் பதிந்தது அங்கே இல்லை. ஜூலைக் கடைசியில், சாவதற்குச் சில நாட்கள் முன்பு, வீட்டில் இருந்த சின்ன ஸ்டுடியோவில் ஒரே ஒரு கிதாரோடு ஒரு மாதிரிப் பதிவு பாடி வைத்தார். அந்தப் பாட்டின் பெயர் 'ஐ'ம் எ ஹிட் அகெய்ன்'. நான் மறுபடியும் ஹிட் ஆகிவிட்டேன் என்று! ஆர்.சி.ஏ. அதை வெளியிடவே இல்லை. 2003-ல்தான், வேறொரு சின்ன கம்பெனியின் தொகுப்பில், பாடி முப்பத்தொன்பது வருடம் கழித்து வெளியே வந்தது. மேரியும் அதற்குள் போய்விட்டார், 1999-ல்.

அது என் கைக்கு வந்தபோது அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. ஊருக்குப் போகும்போது சி.டி.யில் போட்டு எடுத்துப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டேன்.

வயலின் இல்லை, பின்குரல் இல்லை. ஒரு கிதார், ஒரு ஆள். அப்பா கண்ணைத் திறந்தார். வழக்கம்போல் உதட்டில் விரலை வைத்து அம்மா பக்கம் கையைக் காட்டினார். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார். பாட்டு முடியும் வரை அப்பா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்மகிட்ட இல்லையே" என்றார்.

"இல்லப்பா. இப்பதான் வந்துருக்கு."

"நல்லா பக்கத்துல வந்து பாடுதான்."

சி.டி. உறையைக் கேட்டு வாங்கினார். வெறும் வெள்ளை உறை, நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. சட்டைப் பையில் தடவிப் பார்த்தார், பிறகு என்னை அலமாரியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவரச் சொன்னார். மூடியைத் திறந்து, ஓரத்தில் கிறுக்கி மை வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். 'ஜிம் – புதுசு' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"கடைசியா எத்தனைல விட்டோம்?"